கதவில் தொங்கிய சாக்கு

வேலூர் டிஸ்ட்ரிக்ட் முன்சீப் கோர்ட்டு. 1929-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

வாதி: ஆம்பூர் எல்லம்மா. பிரதிவாதி: ஆம்பூர் தோல் ஷாப்பு முதலாளி இஷ்தியாக் அகமது சாகிப்.

வாதியின் வாக்குமூலம். சத்தியம் செய்விக்கப்பட்டது. காலில் ஊனம் இருப்பதால் உட்கார்ந்து சொல்லலாம் என்று கோர்ட்டார் அனுமதித்தும், முடிகிற வரை நின்றே சொல்வதாக வாதி சொன்னார்.

என் பெயர் எல்லம்மா. காலஞ்சென்ற சுந்தரமூர்த்தியின் பெண்சாதி. பாலாற்றில் பெரிய வெள்ளம் வந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயசு என்று என் தாயார் சொல்வாள், அந்தக் கணக்கில் இப்போது முப்பத்தெட்டு ஆகிறது. ஆம்பூரில் பிரதிவாதியின் தோல் ஷாப்புக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். வீடுகளில் கொடுக்கும் நெல்லை வாங்கி வந்து அவித்துக் காயவைத்துக் குத்தி, அரிசியாகத் திருப்பிக் கொடுப்பது என் ஜீவனம். என் புருஷன் இறந்து பதினோரு வருஷமாக இதைத்தான் செய்து வந்தேன்.

நெல் அவிக்க விறகு வேண்டும். தோல் ஷாப்பில் தோலை ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சாறு இறங்கிய பிறகு மிஞ்சுகிற பட்டைச் சக்கை அவர்களுக்கு உதவாது. குவிந்தால் இடத்தை அடைக்கும், நாறும், வண்டி வைத்து ஊருக்கு வெளியே கொட்ட வேண்டும். காய்ந்தால் நன்றாக எரியும். ஆகையால் எங்கள் தெருப் பெண்கள் வாரா வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆட்கள் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில், பின்கதவு வழியாகப் போய் அதை அள்ளி வருவோம். எங்களுக்கு அடுப்பு எரிந்தது, அவர்களுக்கு வண்டிக்கூலி மிச்சமாயிற்று. நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்னாலிருந்தே இது நடந்து வந்தது.

இதற்கு ஒரு அடையாளம் உண்டு. சக்கை அள்ளலாம் என்றால் மேஸ்திரி ஜியாவுல்லா தொழுகைக்குப் போகுமுன் ஒரு சாக்கைப் பின்கதவு ஆணியில் தொங்கவிட்டுப் போவார். சாக்கு தொங்கினால் போவோம். தொங்காவிட்டால் போக மாட்டோம். நாலு வருஷத்துக்கு முன் ரம்ஜான் மாசத்தில் மூன்று வெள்ளிக்கிழமை சாக்கு தொங்கவில்லை. கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது, உள்ளே மலையாகச் சக்கை கிடந்ததும் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் ஆற்றங்கரையில் முள் பொறுக்கி நெல் அவித்தேன். கையெல்லாம் கிழிந்தது. கதவைத் தொடவில்லை. திருடுகிறவளாக இருந்தால் அன்றைக்கே திருடியிருப்பேன்.

போன வருஷம் அக்டோபர் மாதம் 26-ந் தேதி வெள்ளிக்கிழமை, ஐப்பசி மழை நாலு நாள் பெய்து அன்று காலைதான் விட்டிருந்தது. மத்தியானம் நானும் பக்கத்து வீட்டு தில்ஷாத்தும் கூடை எடுத்துக்கொண்டு போனோம். தில்ஷாத்தின் வீட்டுக்காரர் அதே தோல் ஷாப்பில் தோல் இழைக்கிறவர். கதவில் சாக்கு தொங்கிற்று. "மழையில சக்கையெல்லாம் நனைஞ்சி பூட்டிருக்கும், கம்மியா எடுத்தாப் போதும் அக்கா" என்று தில்ஷாத் சொன்னாள். பிறகு உள்ளே போனோம்.

வழக்கமாகச் சக்கை கொட்டும் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அங்கே சக்கை இல்லை. வடக்கு மூலை மேடு, நாங்கள் அதற்கு முன் போகாத பக்கம், அங்கே பரப்பிக் காயவைத்திருந்தார்கள். ஒரு பாய் விரித்த மாதிரி ஒரே மட்டமாக, முழங்கை உயரத்துக்குக் கிடந்தது. ஓரத்தில் இருந்தது ஈரமாக இருந்தபடியால் நடுவில் இருப்பதை அள்ளலாம் என்று நான் இரண்டு எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டில் கீழே சடசடவென்று மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் இடுப்பளவுக் குழியில், முழங்கால் வரை சுண்ணாம்பில் நின்றேன்.

அது மயிர் கழற்றத் தோலைப் போட்டு வைக்கும் சுண்ணாம்புக் குழி. தரையோடு தரையாகக் கட்டியது. நாயும் காக்கையும் விழாமல் இருக்க மேலே மூங்கில் தட்டி போட்டு மூடியிருந்தார்கள். மழையில் இடம் இல்லை என்று அந்தத் தட்டியின் மேலேயே சக்கையையும் பரப்பிவிட்டார்கள். ஒரு கல் வைக்கவில்லை, ஒரு குச்சி நடவில்லை, ஒரு கயிறு கட்டவில்லை.

முதலில் சூடு தெரியவில்லை. வழவழவென்றுதான் இருந்தது. இடது காலை எப்படியோ தூக்கிக் கரைக் கல்லில் வைத்துக்கொண்டேன். வலது கால் அடியில் கிடந்த தோல்களில் சிக்கிக்கொண்டது. தில்ஷாத் தன் துப்பட்டாவை என் கக்கத்தில் கொடுத்து இழுத்தாள், அவளால் முடியவில்லை, என்னை விடவும் இல்லை. "யா அல்லா, யாராச்சும் வாங்களேன்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். பிறகு எரிய ஆரம்பித்தது. ஒரு படி அரிசியைக் களைந்து உலையில் போட்டு அது கொதி வருகிற நேரம் அதில் நின்றிருப்பேன். அதற்குள் தொழுகை முடிந்து ஆட்கள் வந்தார்கள்.

மேஸ்திரி ஜியாவுல்லா முன்னால் ஓடி வந்தார். ஜும்மாவுக்குப் போட்டிருந்த வெள்ளை ஜிப்பாவோடு குழி ஓரத்தில் குப்புறப் படுத்து, கையைக் கீழே விட்டு என் காலைத் தோலிலிருந்து விடுவித்தார். வெளியே எடுத்ததும், தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க அவர்கள் வைத்திருக்கும் புளித்த தவிட்டுத் தண்ணீரைக் குடம் குடமாக என் காலில் ஊற்றச் சொன்னார். பிறகு ஓடிப் போய்க் கதவில் தொங்கிய சாக்கைப் பிய்த்து வந்து, அதைத் தவிட்டுத் தண்ணீரில் நனைத்து என் வலது காலில் சுற்றிக் கட்டினார். அப்படியே கயிற்றுக் கட்டிலில் போட்டு என்னைத் தூக்கிப் போனார்கள். போகும்போது அவர், "எங்க ஆளுங்க அத்தினி பேருக்கும் தெரியுமே அங்க குழி கீதுன்னு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஆட்களுக்குத் தெரியும். எங்களுக்கு யார் சொன்னது?

அதற்கு அப்பால் ஆஸ்பத்திரியில் ஐம்பத்திரண்டு நாள் கிடந்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து போய்ப் புதுத் தோல் சுருக்கிப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. கணுக்கால் மடங்காது. உலக்கை போடுகிறவளுக்கு இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும். இப்போது கால் படி நெல் குத்துவதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த ஏட்டு நான் சொன்னதை முழுதும் கேட்டார். "உன்னை யாரும் தள்ளலியே அம்மா, வேணும்னு ஒருத்தரும் செய்யலியே, நான் யாரைப் புடிச்சி உள்ள போடறது" என்று கேட்டார். சரிதான் என்று நானும் வந்துவிட்டேன். யாரையும் ஜெயிலில் போட வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அதன் பிறகு இரண்டு நாள் கழித்து முதலாளி சாகிபின் தங்கை மகன் நயீம் அகமது என் வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் பணமும் ஒரு காகிதமும் கொண்டு வந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மாமு ரொம்ப வருத்தப்படறாரு, இதை வாங்கிக்கிட்டு இதுல ரேகை வெச்சிடுங்க, பேஜார் முடிஞ்சிடும்" என்றார். இதில் இன்னா எழுதியிருக்கு என்று கேட்டேன். எல்லாம் நல்லதுதான் என்றார். படிக்கத் தெரியாதவளுக்கு நல்லது என்று மட்டும் சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஒரு நாள் காகிதம் என்னிடம் இருக்கட்டும் என்றேன். பணத்தையும் காகிதத்தையும் விட்டுப் போனார்.

பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் பஞ்சாட்சரம் அவர்களிடம் போய் வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார். எல்லம்மா என்கிறவள் உத்தரவில்லாமல் தோல் ஷாப்புக்குள் புகுந்து சாமான் களவாடும்போது தானே குழியில் விழுந்தாள் என்றும், ஆனாலும் முதலாளி தர்ம சிந்தனையால் அவளுக்கு உதவி செய்கிறார் என்றும், அதை அவள் சம்மதித்து ரேகை வைக்கிறாள் என்றும் அதில் இருந்தது. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் தரமும் அப்படியேதான் இருந்தது. எனக்குக் கால் வெந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, ஆகையால் சொல்கிறேன்.

வக்கீலிடம், யாரும் வேண்டுமென்று செய்யவில்லையாமே, அப்படியிருக்க நான் கேட்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் சொன்னது: "குத்தம்னா சர்க்கார் புடிச்சி தண்டிக்கும். இது அது இல்லம்மா. ஒருத்தர் கவனக்குறைவால இன்னொருத்தருக்குக் கெடுதல் வந்தா, கெடுதல் பட்டவங்களே கோர்ட்டுக்கு வந்து ஈடு கேக்கலாம்." அதன் பேரில் அவர் என்னைத் தோண்டித் தோண்டிக் கேட்டார். நீ வருவாய் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியுமா என்றார். சாக்கைத் தொங்கவிட்டதே எங்களுக்காகத்தானே என்றேன். தெரிந்தால் குழி இருக்கிறது என்று காட்டி வைப்பது அவர்கள் கடமை, அதைச் செய்தார்களா என்றார். இல்லை என்றேன். உன் கால் போனது அந்தக் குழியால்தானா, முன்னமே ஏதாவது வியாதி உண்டா என்றார். பதினோரு வருஷம் உலக்கை போட்ட கால் என்றேன். உன் பேரில் தப்பு இருக்கிறதா, நிதானமாக யோசித்துச் சொல் என்றார். ஒரு ராத்திரி யோசித்து மறுநாள் போய், என் பேரில் தப்பு இல்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் நோட்டீஸ் எழுதினார்.

நயீம் அகமதுவிடம் பணத்தையும் காகிதத்தையும் அவர் வீட்டு வாசலில் வைத்தே திருப்பிக் கொடுத்தேன். நோட்டீசுக்கு வந்த பதிலிலும் என்னைத் திருடி என்றே எழுதியிருந்தார்கள். கதவில் சாக்கு தொங்கவிடும் வழக்கமே கிடையாது என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த வார்த்தை ஊரில் பரவியது. எனக்கு நெல் கொடுத்தவர்கள் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பார்களே தவிர ஒரு நாளும் அளந்து கொடுத்ததில்லை. நானும் தவிடு முதற்கொண்டு திருப்பிக் கொடுப்பேன். இந்தப் பேச்சு வந்த பிறகு மூன்று வீட்டில் நெல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டு அம்மா என்னைக் கூடத்தில் நிற்க வைத்து, என் கண்ணெதிரே படி வைத்து அளந்து, சுவரில் கரிக்கோடு போட்டார்கள். அரிசி கொண்டுபோன போது அந்தக் கோட்டை எண்ணினார்கள். சரியாக இருந்தது. சரியாக இருந்ததே என்று அவர்கள் ஆச்சரியப்பட்டதுதான் எனக்கு வலித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் விழுந்த நாளிலிருந்து பின்கதவில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சாக்கும் இல்லை, சக்கையும் இல்லை. எங்கள் தெருவில் பதினாறு வீட்டில் அடுப்புக்கு வழி போயிற்று. உன்னால்தான் ஆயிற்று, சும்மா பணத்தை வாங்கிக்கொண்டிருந்தால் கதவு திறந்திருக்கும் என்று குழாயடியில் என் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். திருடி என்று நான் ரேகை வைத்திருந்தால், என் கூடவே இருபது வருஷம் உள்ளே போன அத்தனை பேரும் திருடிகள் என்று ஆகும். அது அவர்களுக்குப் புரிய நாளாகும்.

பிரதிவாதி வக்கீலின் குறுக்கு விசாரணையில் வாதி சொன்ன பதில்கள். (இதற்கு முன் வாதி ஸ்டூலில் உட்கார்ந்தார்.)

எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். நன்றாகத் தெரிகிற கண்ணால் பார்த்தால் சக்கைதான் தெரிந்தது, அதற்குக் கீழே இருப்பது தெரியாது. பிரதிவாதி வக்கீலுக்கும் தெரிந்திருக்காது.

காலை ஊன்றிப் பார்த்துவிட்டு நடக்கவில்லை என்பது உண்மை. இருபது வருஷமாக நடந்த முற்றத்தில் யாரும் கோல் ஊன்றிப் பார்த்து நடப்பதில்லை.

முதலாளி சாகிப் வாயால் என்னை வரச் சொன்னதில்லை என்பது உண்மை. அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் வெள்ளிக்கிழமைகளில் மாடி ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார். நாங்கள் கூடையோடு போவதையும் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் போ என்று சொன்னதில்லை.

மேஸ்திரி எனக்கு வைத்தியம் செய்தார், கட்டிலில் ஏற்றினார் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அவர் அந்தத் தவிட்டுத் தண்ணீரை ஊற்றவில்லை என்றால் காலையே எடுத்திருப்பார்கள் என்று டாக்டர் சொன்னார்.

சாக்கு என்று ஒன்று தொங்கவே இல்லை, நானாகக் கட்டிய கதை என்பது பொய். கதையாக இருந்தால் நாற்றம் அடிக்காது. என் காலில் மேஸ்திரி சுற்றிய சாக்கை ஆஸ்பத்திரியில் அவிழ்த்து மூலையில் எறிந்தார்கள். தில்ஷாத் அதை எடுத்து வந்து என் வீட்டுப் பரண் மேல் போட்டாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதில் நோட்டீசை வாசித்துச் சொன்னபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வக்கீலிடம் சொன்னேன். கேட்கிறபோது எடு என்றார். இப்போது கேட்கிறீர்கள், எடுக்கிறேன்.

(வாதி கூடையிலிருந்து ஒரு சாக்கை எடுத்துக் கோர்ட்டார் முன் வைத்தார்.)

இதில் நீல மையில் ஒரு வட்டமும் அதற்குள் இரண்டு கோடும் இருக்கிறது. பிரதிவாதியின் ஷாப்புக்குப் பட்டை வரும் சாக்கு எல்லாவற்றிலும் இந்தக் குறிதான். இந்த மூலையில் கயிற்றுக் கண்ணி முடிந்திருக்கிறது. கண்ணியைச் சுற்றித் துருக்கறை இருக்கிறது, அது ஆணித் துரு. ஒரு நாள் தொங்கினால் இவ்வளவு துரு ஏறாது. மேலே இறுகியிருப்பது சுண்ணாம்பு. அதில் ஒட்டியிருப்பது என் கால் தோல்.

அந்தச் சாக்கை நான் தோல் ஷாப்பிலிருந்து திருடி வந்ததாகப் பிரதிவாதி வக்கீல் சொல்வது சரியல்ல. காலெல்லாம் வெந்தவள் எழுந்து கதவுக்குப் போய்ச் சாக்கைத் திருடி, அதைத் தானே காலில் சுற்றிக்கொண்டு, தூக்கிப் போக நாலு ஆளையும் கூப்பிட்டேனா? அவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தால் குழியில் விழுந்திருக்க மாட்டேன்.

தில்ஷாத் சாட்சி சொல்ல வருவாளா என்று எனக்குத் தெரியாது. அவள் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. நான் அவளை வற்புறுத்தவில்லை. அவள் வராவிட்டாலும் துப்பட்டாவைக் கொடுத்தவள் அவள்தான், அதை நான் மறக்க மாட்டேன்.

மேஸ்திரி ஜியாவுல்லா இப்போது கோர்ட்டில் பின்னால் நிற்கிறார். சாக்கு தொங்கவிடும் வழக்கமில்லை என்று அவர் சொல்லப்போகிறார் என்று என்னிடம் சொன்னார்கள். அவர் மேல் எனக்கு வழக்கும் இல்லை, கோபமும் இல்லை. முதலாளி சொன்னதைச் செய்கிறவர். ஆனால் அவர் சத்தியம் செய்து இந்த இடத்தில் நிற்கும்போது, வேறு ஒன்றும் கேட்க வேண்டாம், இந்தச் சாக்கை அவர் கையில் கொடுங்கள். அவர் கட்டிய முடிச்சு இன்னும் ஒன்று இதில் அவிழாமல் இருக்கிறது.

(கோர்ட்டார் குறிப்பு: சாக்கு வாதி தரப்புப் பொருளாகக் குறியிடப்பட்டது. பிரதிவாதி வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார்.)

கோர்ட்டார் கேட்டதற்கு:

ஈட்டுத் தொகையை மட்டும் கொடுத்துவிட்டு, திருடி என்று எழுதியதை அப்படியே வைத்துக்கொள்கிறோம் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். பணமா பேரா, ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பேரைக் கேட்பேன். ஆனால் என் கால் போனதும் நிஜம், என் பேர் போனதும் நிஜம். இரண்டும் எனக்கு வர வேண்டியவை. எதற்காக ஒன்றை விட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

நான் உத்தரவோடு போனவள் என்று தீர்ப்பில் எழுத வேண்டும். எழுதியதை ஊரில் தண்டோரா போட வேண்டாம். கரிக்கோடு போட்ட அந்த அம்மா காதில் விழுந்தால் போதும், மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிவிடுவார்கள்.

குழியைக் கல்லால் சுற்றிக் கட்டி மூட வேண்டும். நான் அந்தப் பக்கம் இனிமேல் போகப்போவதில்லை, என் கால் அவ்வளவு தூரம் வராது. போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தச் சாக்கு எனக்குத் திருப்பி வேண்டாம். வழக்கு முடிந்ததும் எங்கே அனுப்ப வேண்டும் என்று கோர்ட்டார் கேட்கிறார்கள். அது இருந்த ஆணி இன்னும் கதவிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகைக்கு முன்னால், அதைக் கொண்டுபோய் அங்கேயே தொங்கவிடச் சொல்ல வேண்டும்.

மேலே எழுதியதை எனக்குத் தமிழில் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொல்லாதது இல்லை. இதற்கு முன் ஒரு காகிதத்தில் ரேகை வைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தவள், இதில் என் மனசோடு வைக்கிறேன்.

எல்லம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை.